அட்டை ராக்கெட்டும் கட்டியங்காரனும்

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் மாலேகான் ஒரு விசைத்தறி ஊர். 2006-லும் 2008-லும் அங்கே குண்டு வெடித்தபோதுதான் வெளியுலகம் அதன் பெயரைக் கேட்டது. அந்த ஊரில் வீடியோ கொட்டகை நடத்தியும் கல்யாண வீடியோ எடுத்தும் பிழைத்துவந்த ஷேக் நாசிர், ‘ஷோலே’ என்ற இந்திப் படத்தை ஊர் ஆட்களை வைத்து மறுபடி எடுத்தார். பெயர் ‘மாலேகான் கே ஷோலே’. செலவு சுமார் 50,000 ரூபாய். குதிரைக்குக் காசில்லை, கொள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது.

பிறகு அவர் கைவைத்தது சூப்பர்மேனில். கதாநாயகன் ஷஃபீக் ஷேக், விசைத்தறித் தொழிலாளி, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த இந்த வீரனுக்கு மாலேகானின் புகையிலும் தூசியிலும் மூச்சு இரைக்கிறது. பச்சைத் துணிக்கு முன்னால் அவரைப் படுக்கைவாட்டில் கிடத்தித்தான் வானத்தில் பறக்கவிட்டார்கள். இந்தப் படம் உருவான கதையை ஃபைஸா அகமது கான் 2008-ல் ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்ற ஆவணப்படமாக்கினார். அது நாடு நாடாகத் திரைவிழாக்களுக்குப் போய், 2012-ல் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது. ஷஃபீக் அதைக் காண இல்லை, 2011-ல் புற்றுநோயால் இறந்துவிட்டார். ரீமா காக்தி இதே கதையை ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ என்று முழுநீளப் படமாக எடுக்க, அது 2025-ல் வெளியானது. ஊர்க்காரர்கள் பார்க்க எடுத்த கேலிப்படம் ஒன்றுக்கு இப்படி இரண்டு மறுபிறவிகள்.

எத்தனையோ கோடியில் வருகிற சூப்பர் ஹீரோ படங்கள் அடுத்த வெள்ளிக்கிழமை நினைவில் நிற்பதில்லை. இது எப்படி நின்றது? ‘பாவம், இல்லாதப்பட்டவர்கள் ஆசைப்பட்டு எடுத்தார்கள்’ என்று இரக்கத்தோடு சொல்லப்படும் பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆசைப்பட்டு, கடன்பட்டு, மோசமாக எடுத்த படங்கள் நம்மிடம் வண்டி வண்டியாக இருக்கின்றன. அவற்றை யார் தேடிப் பார்க்கிறார்கள்? சிக்கனப் பட்ஜெட்டில் அறிவியல் புனைவைக் கேலி செய்த படங்களில் சில மட்டும் ‘கல்ட்’ ஆவது, அதாவது ரசிகர்கள் திரும்பத் திரும்பத் தேடிப் பார்ப்பவை ஆவது, ஏன் என்பதையும், தமிழில் அப்படி ஒன்று ஏன் இன்னும் சரியாக அமையவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கான விடையிலேயே இரண்டாவதன் விடையும் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். தெரியாமல் சிரிக்கவைத்த படங்களையும் தெரிந்தே சிரிக்கவைத்த படங்களையும் ஒரே பட்டியலில் போடுகிறார்கள். எட் வுட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ முதல் வகை. அதில் நடிக்க வேண்டிய பேலா லுகோசி 1956-ல் இறந்துபோனார். கையில் அவர் நடித்த சில அடிப் படச்சுருள்தான் இருந்தது. மீதிக் காட்சிகளுக்குத் தன் மனைவிக்கு எலும்பு வைத்தியம் பார்த்தவரை அழைத்துவந்து, கறுப்பு அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார் வுட். 1980-ல் ஒரு புத்தகம் இதற்கு ‘இதுவரை வந்ததிலேயே மோசமான படம்’ என்று பட்டம் சூட்டியது. அன்றிலிருந்துதான் ஜனங்கள் தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். எட் வுட் சிரிப்புக்காக எடுக்கவில்லை, உயிரைக் கொடுத்து எடுத்தார். துருக்கியில் 1982-ல் ஸ்டார் வார்ஸ் காட்சிகளையே வெட்டி ஒட்டி ஒரு விண்வெளிப் படம் எடுத்தார்களே, அதுவும் இந்த வகைதான். ஆனால் அதே துருக்கியில் 1973-லேயே ‘டூரிஸ்ட் ஓமர்’ என்ற பிரபலமான கோமாளிப் பாத்திரத்தை ஸ்டார் டிரெக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அது தெரிந்தே செய்த கேலி. நம் பேச்சு இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

அதில் தலைப்பிள்ளை என்று ‘டார்க் ஸ்டாரை’ச் சொல்வேன். ஜான் கார்ப்பென்டரும் டான் ஓ’பேனனும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய படம். பிறகு நீட்டி, 1974-ல் வெளியிட்டார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 60,000 டாலர். வேற்றுக்கிரக ஜந்து செய்யப் பணமில்லாததால், கடற்கரையில் பிள்ளைகள் உதைத்து விளையாடும் காற்றுப் பந்துக்கு வண்ணம் பூசி, அடியில் நகக்கால் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பந்து விண்கலத்துக்குள் தாவித்தாவி ஓடுகிறது. பெரிய மனுஷத்தனமான ஒரு விண்வெளி வீரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிறார்.

சிரிப்பு பந்தோடு நிற்கவில்லை. கப்பலில் ஏற்றிய வெடிகுண்டுகள் பேசும். 20-ஆம் எண் குண்டு, தவறுதலாக வந்த ஓர் ஆணையை நம்பி, இருந்த இடத்திலேயே வெடிக்கப்போவதாக அடம்பிடிக்கிறது. அதைத் தடுக்க ஒருவர் விண்வெளியில் மிதந்தபடி அதற்குத் தத்துவப் பாடம் எடுக்கிறார்: உனக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? குண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விடுகிறது. யோசித்து என்ன முடிவுக்கு வந்தது என்பதைப் படத்தில் பாருங்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001’ வந்து ஆறே வருடம் ஆகியிருந்தது. விண்வெளி என்றாலே மௌனம், மகத்துவம், மேற்கத்திய சாஸ்திரிய இசை என்று ஒரு மரியாதை படிந்துபோயிருந்த காலம். அந்த மரியாதைக்குத்தான் இவர்கள் காற்றுப் பந்தை உதைத்தார்கள். பின்னால் ஓ’பேனன் ‘கப்பலுக்குள் ஒரு ஜந்து’ என்ற அதே கருவைத் திகிலாக மாற்றி எழுதினார். 1979-ல் வந்த ‘ஏலியன்’ அதுதான்.

மற்றவற்றை விரைவாகத் தாண்டலாம். எர்னி ஃபோசெலியஸ் 1978-ல் எடுத்த ‘ஹார்ட்வேர் வார்ஸ்’ பதின்மூன்று நிமிடம் ஓடும், செலவு 8,000 டாலர். ஸ்டார் வார்ஸ் விண்கலங்களுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டியும் ரொட்டி சுடும் டோஸ்டரும் பறக்கும். அதே ஆண்டு வந்த ‘அட்டாக் ஆஃப் தி கில்லர் டொமேட்டோஸ்’ கொலைகாரத் தக்காளிகளைப் பற்றியது. படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் நிஜமாகவே விழுந்து நொறுங்கியது. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் விபத்தை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள். பின்லாந்தில் சாமுலி டோர்சனென் என்பவரும் நண்பர்களும் வீட்டுக்குள் நீலத்திரை கட்டி, ஏழு வருடம் இழுத்து, சுமார் 15,000 யூரோவில் முடித்த ‘ஸ்டார் ரெக்’ 2005-ல் இணையத்தில் இலவசமாக வெளிவந்து உலகம் முழுக்கப் போனது.

இவற்றுக்குள் பொதுவாக இருப்பது ஏழ்மை என்று தோன்றும். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இவை ஒவ்வொன்றும், பார்க்கிறவர்கள் எல்லாரும் அறிந்த, ரகசியமாக மதித்த ஒரு மூலத்தின் தோளில் ஏறி நிற்கின்றன. இஸ்திரிப் பெட்டி பறந்தால் சிரிப்பு வருவதற்கு, ஸ்டார் வார்ஸில் எந்தக் கப்பல் எந்த இடத்தில் பறந்தது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். மாலேகானில் சைக்கிள் வந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது, ‘ஷோலே’யில் கப்பர் சிங்கின் ஆட்கள் குதிரையில் வந்த அந்தக் காட்சி ஒவ்வொருவர் கண்ணிலும் இருந்ததால்தான். மூலம் தெரியாதவனுக்குப் பகடி வெறும் கிறுக்கு. அட்டை அட்டையாகவே தெரிவது இந்தப் படங்களுக்கு உதவுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அது எந்த மாளிகையின் அட்டை என்று பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தமிழுக்கு வருவோம்.

அறிவியல் புனைவுத் திரைப்படம் நமக்குப் புதிதல்ல. 1952-லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஓர் அமெரிக்க நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தன. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட் நடிகர்கள். தமிழில் ‘காடு’ என்று வந்தது. அழிந்துபோன கம்பளி யானைகள் இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடிருக்கின்றன என்பது கதை. நம் ஊர் யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்திவிட்டார்கள். இன்று பார்த்தால் அந்த யானைகளின் சங்கடம் முகத்திலேயே தெரியும். நம்பியாரும் அதில் நடித்திருக்கிறார். அவரே 1963-ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசி. ஏ. காசிலிங்கம் இயக்கிய படம். அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தமிழனுக்குத் தோன்றக்கூடிய வேற்றுக்கிரகப் பிரச்சினை இதைவிடப் பொருத்தமாக வேறு இருக்க முடியாது.

பிறகு நெடிய இடைவெளி. 1986-ல் சுஜாதா கதையில் ராஜசேகர் இயக்கிய ‘விக்ரம்’, அக்னிபுத்திரன் என்ற ஏவுகணையைத் தேடிப் போகிறது. சலாமியா என்றொரு கற்பனை நாட்டுக்குப் போய், அங்கே கற்பனை மொழி பேசி, அதற்கு மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜையும் வைத்துக்கொண்டது. ஜனகராஜ் வரும் இடங்களில் அந்தப் படம் தன்னைத் தானே பகடி செய்துகொள்கிறது. இன்றைக்கும் அந்தப் படத்தை அன்போடு நினைப்பவர்கள் ஏவுகணையை விட்டுவிட்டுச் சலாமியாவைத்தான் பேசுகிறார்கள். 1989-ல் வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’, மறு ஆண்டு அதன் தொடர்ச்சியாக ‘அதிசய மனிதன்’. 2010-ல் ‘எந்திரன்’ வரும்வரை, பெரும் ஜனத்திரள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்ட தமிழ் அறிவியல் புனைவுப் படம் என்று ஒன்றைச் சொல்வது கடினம்.

எழுத்தில் நிலைமை வேறு. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் ‘மீண்டும் ஜீனோ’வும் ஒரு தலைமுறைக்கே ஜீனோ என்ற இயந்திர நாயை வளர்ப்புப் பிராணியாகத் தந்தன. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய, ஆள் மறைந்துபோகிற அந்த வெள்ளைக்காரரை நம் ஊர் வாடகை நூலகங்கள் உறவினராகவே ஏற்றுக்கொண்டன. ஆனாலும் வாசித்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்றால், பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். திரைப்படப் பகடிக்கு வேண்டிய பொது நினைவு திரையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

அந்த நினைவில் விண்வெளி இருந்த இடத்தில் நமக்கு என்ன இருந்தது? எமலோகம் இருந்தது. பஞ்சுப் பொதி மேகம், ஐஸ் கட்டிப் புகை, கொம்பு வைத்த கிரீடம், கணக்குப் புத்தகத்தோடு சித்திரகுப்தன். செலவு குறைந்த வேற்றுலகம் இதைவிட உண்டா? ‘எமனுக்கு எமன்’ (1980), ‘அதிசயப் பிறவி’ (1990), ‘லக்கி மேன்’ (1995) என்று வரிசையாக வந்தன. பூமியின் மனிதன் வேற்றுலகத்துக்குத் தவறாகப் போய்ச் சேர்வது, அங்குள்ள நிர்வாகக் குளறுபடி, திரும்பி வருவதில் சிக்கல். அமெரிக்கர்கள் விண்கலத்தில் வைத்துச் சொன்ன அதே கதைகள். ‘மாயாபஜார்’ (1957) படத்தில் வரும் பிரியதர்சினிப் பேழையைத் திறந்தால் தூரத்திலிருக்கும் பிரியமானவர் தெரிவார். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி அதிசயமாகவே தோன்றுவதில்லை. சிம்புதேவனின் ‘அறை எண் 305-ல் கடவுள்’ (2008) இந்த மரபையும் விஞ்ஞானத்தையும் சாமர்த்தியமாக ஒட்டவைத்தது. கடவுளின் சக்தியெல்லாம் ‘கேலக்ஸி பெட்டி’ என்ற ஒரு கருவிக்குள் இருக்கிறது, அதைத் திருடினால் கடவுளும் மேன்ஷன்வாசிதான்.

அதே சிம்புதேவன் 2010-ல் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என் வாதத்துக்கு நல்ல சாட்சி. அது கௌபாய் படங்களின் பகடி. தமிழனுக்கும் கௌபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் கர்ணன் ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று எழுபதுகளின் தொடக்கத்தில் குதிரையும் துப்பாக்கியுமாக எடுத்துத் தள்ளியிருந்தார். படத்தில் வரும் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்றே பெயர். மூலம் இருந்தது, பகடி முளைத்தது. விண்வெளிக்கு அப்படி ஒரு கர்ணன் நமக்குக் கிடைக்கவில்லை.

பகடி செய்யத் தெரியாத ஜனமா நாம் என்றால், அதுவும் கிடையாது. இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். திண்டிவனம், செஞ்சி, மயிலம் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடக்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-ல் பெரிய ஆய்வு நூலே வெளியிட்டார். அந்தக் கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடுவான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்னால் நின்று, ‘யாரய்யா நீ, எந்த ஊரு?’ என்று கேட்பான். ராஜா சங்கதி சொல்லச் சொல்ல, இவன் அதை உள்ளூர்ப் பேச்சில் இறக்கி, நேற்றுப் பஞ்சாயத்தில் நடந்ததையும் நுழைத்துவிடுவான். மேடையில் இருப்பது ஒரே ஒரு பெஞ்சு. சிம்மாசனமும் அதுதான், தேரும் அதுதான். அது பெஞ்சு என்று சபையில் சொல்லும் உரிமை கட்டியங்காரனுக்கு மட்டும் உண்டு. அவன் சொன்னதற்காக யாரும் பாரதத்தை நம்புவதை நிறுத்திவிடுவதில்லை. இரவெல்லாம் சிரித்த அதே கூட்டம், கடைசி நாள் படுகளத்தில் மண்ணில் வனைந்த துரியோதனன் முன்னால் கண்கலங்கி நிற்கும், சாயங்காலம் தீமிதிக்கும். அர்ச்சுனன் தபசன்று நெடுமரம் ஒன்றை நட்டு, வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். அந்த உச்சிதான் கயிலாயம். விண்வெளிப் பயணத்தை இதைவிடக் குறைந்த செலவில் யாரும் படம்பிடித்ததில்லை.

கட்டியங்காரனின் இந்த உரிமைதான் கல்ட் பகடிப் படங்களின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். படமே தன் பெஞ்சைப் பெஞ்சு என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அதன்பின் பார்ப்பவன் குறை கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிட்டுக் கூட்டாளியாகிறான். அடுத்த முறை நண்பனைக் கூட்டிவந்து, ‘இப்போ பாரு, இப்போ பாரு’ என்கிறான்.

கூத்திலிருந்து சினிமாவுக்கு இந்தக் குணம் அறுபடாமல் வந்தது. ‘நல்லதம்பி’ (1949) படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபம், எல்லாரும் அறிந்த நந்தனார் சரித்திரத்தின் மேல் கட்டியது. சிதம்பரத்துக்குப் பதில் பட்டணம், தெய்வ தரிசனத்துக்குப் பதில் படிப்பு. அரங்கமும் ஆடம்பரமும் வேண்டியிருக்கவில்லை, கதையும் மெட்டும் கேட்பவர் காதில் ஏற்கெனவே இருந்தன. இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’ இதன் நேர் வாரிசு. வாராவாரம் ஒரு வெற்றிப்படத்தை எடுத்துக்கொண்டு, சாயம்போன விக்கையும் ஒட்டுமீசையையும் வைத்துக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சந்தானம், ஜீவா, மனோகர், சுவாமிநாதன் எல்லாரும் அந்தப் பட்டறைக்காரர்கள், யோகி பாபு எட்டிப் பார்த்ததும் அங்கேதான். ஒளிபரப்பு நின்று வருடங்கள் ஆகியும் மனோகரின் கைவீச்சு மீம்களில் ஓய்ந்தபாடில்லை. தமிழில் சிக்கனப் பகடியின் உண்மையான கல்ட் எது என்று என்னைக் கேட்டால், எந்தத் திரைப்படத்தையும் சொல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

அந்தத் தடத்தில்தான் 2010 ஜனவரியில் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப்படம்’ வந்தது. சினிமாப்பட்டி என்ற ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவார்கள், ஏனென்றால் வளர்ந்து சென்னைக்குப் போய்க் கதாநாயகனாகிவிடுகிறான். தப்பிப் பிழைத்த குழந்தை சைக்கிள் மிதிக்கிறது, சக்கரம் சுற்றி நிற்பதற்குள் கதாநாயகன் சிவா ஆகிவிடுகிறது. ஒரே பாட்டில் பணக்காரர் ஆகிறார். கல்லூரி நண்பர்களாக எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி. இந்த மூன்று முகங்களையும் கல்லூரி வகுப்பறையில் பார்த்த கணத்தில் தமிழ் ரசிகனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. படம் ஓடியது, 2018-ல் இரண்டாம் பாகமும் வந்தது. இரண்டாவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மீம் உலகம் அன்றாடம் செய்துவிட்ட வேலையைத் திரையில் திரும்பச் செய்தது போலிருந்தது.

இனி நம் அறிவியல் நகைச்சுவைப் படங்களைப் பார்த்தால், அவை எதைக் கேலி செய்கின்றன என்பது தெளிவாகும். ஆர். ரவிக்குமாரின் முதல் படம் ‘இன்று நேற்று நாளை’ (2015). எதிர்காலத்திலிருந்து வந்த கால இயந்திரம் இரண்டு உருப்படாத நண்பர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் செய்வது என்ன? தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழில். நண்பர்களில் ஒருவர், கருணாகரன், தொழில் படுத்துப்போன ஜோசியர். கால இயந்திரம் கிடைத்த ஜோசியர் என்பது வெளிநாட்டு எழுத்தாளர் யாருக்கும் வந்திருக்காத யோசனை. அந்தப் படத்தின் நிஜமான கண்டுபிடிப்பு அதுதான். இதே இயக்குநர் பெரிய பொருட்செலவில், பல வருடம் இழுத்து, 2024 பொங்கலுக்குக் கொண்டுவந்த ‘அயலான்’ வேற்றுக்கிரகவாசியைக் கச்சிதமாக உருவாக்கிக் காட்டியது. ஆனாலும் நண்பர்கள் கூடும் இடத்தில் பேச்சில் வருவது ஜோசியர்தான்.

கார்த்திக் யோகியின் ‘டிக்கிலோனா’வில் (2021) சந்தானம் மின்வாரிய ஊழியர், 2027-லிருந்து 2020-க்குத் தாவித் தன் கல்யாணத்தைத் தடுக்கப் பார்க்கிறார். படத்தின் பெயரே ‘ஜென்டில்மேன்’ படத்துக் கவுண்டமணி–செந்தில் நகைச்சுவையிலிருந்து எடுத்தது. ஆதிக் ரவிச்சந்திரனின் ‘மார்க் ஆண்டனி’யில் (2023) கால இயந்திரம் ஒரு தொலைபேசி. அதன் வழியாகப் படம் போய்ச் சேருவது எழுபதுகளுக்கு என்பதைவிட, எழுபது எண்பதுகளின் தமிழ்ப் படங்களுக்கு என்பதே சரி. விக்னேஷ் கார்த்திக்கின் ‘அடியே’ (2023) இணைப் பிரபஞ்சம் ஒன்றுக்குப் போகிறது. அங்கே வெங்கட் பிரபுதான் கௌதம் வாசுதேவ் மேனன். இந்தச் சிரிப்புக்கு இயற்பியல் வேண்டாம், கோடம்பாக்கம் தெரிந்தால் போதும்.

ஆக, நம்மிடம் வருவது அறிவியல் புனைவைக் கேலி செய்யும் படங்கள் இல்லை. அறிவியல் புனைவை ஏணியாக வைத்துக்கொண்டு தமிழ் சினிமாவைக் கேலி செய்யும் படங்கள். கால இயந்திரம் வந்தால் பழைய பாட்டுக்குள் போகலாம், இணைப் பிரபஞ்சம் வந்தால் நடிகர்களை இடம்மாற்றலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் பொது நினைவு எங்கே சேமித்திருக்கிறதோ அங்கேதானே பகடி போய்ப் பணம் எடுக்கும்? ஆனால் இதன் விளைவாக ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது. விஞ்ஞானத்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் பெருமிதம், பயபக்தி, ‘அந்தக் காலத்திலேயே நம்மிடம் இருந்தது’ என்ற வீறாப்பு, இவற்றையெல்லாம் பார்த்து ‘யாரய்யா நீ, எந்த ஊரு?’ என்று கேட்கிற கட்டியங்காரன் திரையில் இன்னும் வரவில்லை.

கேட்பதற்கு இப்போது மூலம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பார்த்தோம். அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். திட்டச் செலவு சுமார் 615 கோடி ரூபாய். ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் செலவில் அது பாதிகூட இல்லை. சிக்கனப் பட்ஜெட் விண்வெளி என்பதை இந்தியா நிஜத்திலேயே செய்துகாட்டிவிட்டது, சினிமாதான் பின்தங்கியிருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைத்தது. நிலவுக்கு டூப் போட்டது நாமக்கல். இதை வைத்து ஒரு பகடிப் படம் எழுதாத நம் ஆட்களை என்ன சொல்வது?

நம் ஊரில் கல்ட் உருவாகும் வழியும் மேல்நாட்டிலிருந்து வேறுபட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே நடுநிசிக் காட்சிகள், கல்லூரி வளாகத் திரையிடல்கள், வீடியோ கடை அலமாரி. இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது தொலைக்காட்சியில் பத்தாவது முறையாக ஓடும் படம்தான் குடும்பத்தோடு மனப்பாடமாகிறது. தமிழில் பேசவைக்கப்பட்ட ஹாலிவுட் படங்களும் இந்த வழியில்தான் நம் வீட்டுக்குள் வந்தன. நியூயார்க்கை அழிக்க வந்த வேற்றுக்கிரகவாசி சென்னைத் தமிழில் சவால் விடுவதும், நாசா விஞ்ஞானி வடிவேலு வசனத்தை உதிர்ப்பதும் நமக்குச் சகஜம். டப்பிங் எழுதிய பெயர் தெரியாத அந்தக் கைகள் பல கோடி டாலர் படத்தைப் பைசா செலவில்லாமல் பகடியாக்கிக் கொடுத்திருக்கின்றன. இவர்கள் வேலையைப் பற்றி யாராவது தனியாக ஆராய வேண்டும். பிறகு கைப்பேசி வந்து, படத்தைத் துண்டு துண்டாக்கி, அந்தத் துண்டுகளையே கல்ட் ஆக்கிவிட்டது. முழுப் படத்தையும் பார்க்காமலே அதன் ரசிகராக இருப்பவர்கள் இன்று ஏராளம்.

ஷேக் நாசிர் கையில் இருந்ததைவிட நல்ல கேமரா இன்று திண்டிவனத்தில் காதுகுத்து வீடியோ எடுக்கிற தம்பிகள் கையில் இருக்கிறது. டிரோன் இருக்கிறது, பச்சைத்திரை இருக்கிறது, பின்னணியை மாற்றும் மென்பொருள் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை நிலாவில் நிறுத்துவதை இப்போதே செய்கிறார்கள். களத்துக்கும் குறைவில்லை. மயிலத்துக்குப் பக்கத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. செஞ்சியில் பாறை மேல் பாறை அடுக்கிய குன்றுகள், மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்று உப்பளம், ஆரோவில்லில் இறங்கி நிற்கும் விண்கலம் போன்ற மாத்ரி மந்திர். நான்கு கிரகங்களுக்கு ஒரு நாள் பெட்ரோல் போதும். வசனம் எழுத ஆள் வேண்டுமென்றால், கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுகிறவரைப் போய்க் கேளுங்கள். அவரை ஓரமாக நிற்கவைத்துவிடாமல் விண்கலத்துக்கே தலைவராக்குங்கள்.

ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். திருவக்கரைப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இரண்டு இடத்திலும் கேட்காமல் கேமராவை எடுக்க முடியாது. மரக்காணத்து உப்பளம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீருக்குள் கிடக்கும். நிலாக் காட்சிகளைக் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது.